புத்தக வட்டத்தில் புத்தகம் படியாதாரின் இடம்: ஒரகடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரகடம் கூட்டுரோட்டைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர், மாதம் ஒரு புத்தகம் என்று முடிவுசெய்து, அதைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு கூடுவதே ஈண்டு ஆய்வுப் பொருள். 'சொல்லிக்கொண்டு' என்பது யோசித்தே போடப்பட்டது.

முதற்கண் காலம். ஏ ஷிப்ட் காலை ஆறு முதல் இரண்டு, பி ஷிப்ட் இரண்டு முதல் பத்து, சி ஷிப்ட் பத்து முதல் ஆறு. ஷிப்டுக்கு ஒருவராக மூன்று நண்பர்கள் இருந்தால், நாளின் 24 மணி நேரத்தில் எந்த நிமிடத்தை எடுத்தாலும் ஒருவர் மெஷின் முன்னால்தான் நிற்பார். ஆகவே ஞாயிறு. அதுவும் ஓ.டி. இல்லாத ஞாயிறு.

இனி மாந்தர். மாணாக்கரைத் தரம் பிரித்த நன்னூலில் பவணந்தி முனிவர் அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று எட்டு உவமை சொன்னார். எட்டும் எங்கள் வட்டத்தில் உண்டு. ஆடு, ஐந்து புத்தகத்தில் பத்துப் பத்துப் பக்கம் மேய்ந்தவர். எருமை, பேச்சு தொடங்கியதும் குளத்தில் இறங்கி அரசியலைக் கலக்கிவிடுபவர். பன்னாடை, கதையெல்லாம் ஒழுகிப்போய் அச்சுப்பிழைகளை மட்டும் தேக்கி வைத்திருப்பவர். ஆனால் முனிவர் 13ஆம் நூற்றாண்டினர். புத்தகத்தைத் தொடாமல், கம்பெனி பஸ்ஸில் யூடியூப் கதைச்சுருக்கம் பார்த்துவிட்டு வந்து, எல்லாரையும்விட நன்றாகப் பேசும் ஒன்பதாம் வகையை அவர் காண வாய்ப்பில்லை. வட்டத்தின் தலைவர் பெரும்பாலும் இவரே.

ஏன் படிக்கவில்லை? இவ்வட்டாரத்தில் எந்தக் கோளாறுக்கும் ஒய்-ஒய் அனாலிசிஸ் உண்டு. டொயோட்டாவில் பிறந்த முறை. 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டால் மூலகாரணம் அகப்படும் என்பார்கள். 'பொன்னியின் செல்வன்' முடிக்கப்படாததை அதில் போட்டோம். ஏன் முடிக்கவில்லை? நேரமில்லை. ஏன்? நைட் ஷிப்ட். பகலில் ஏன் படிக்கவில்லை? தூக்கம். ஏன் அவ்வளவு தூக்கம்? ராத்திரி தூங்கவில்லை. ஏன்? நைட் ஷிப்ட். அனாலிசிஸ் ரவுண்டானாவைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றது. வழக்கப்படி, 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதி ஃபைலை மூடினோம்.

மூலகாரணம் வேறு. 'வீட்டில் படித்துவிட்டு வா' என்ற விதிதான் எல்லாப் பொய்களுக்கும் தாய். சான்று திருநெல்வேலியில் இருக்கிறது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) வீட்டின் வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடிக் கம்பனைச் சுவைத்தார்கள். சபைக்கும் அதுவே பெயராயிற்று. படித்துவிட்டு வரும்படி அங்கே யாரையும் விரட்டவில்லை. ரசிகமணியே பாட்டை வாய்விட்டுச் சொல்லுவார், திரும்பச் சொல்லுவார். கேட்டவர் அதிலேயே தோய்ந்துபோவார். படியாதார் என்ற இனமே அங்கு முளைக்க இடமில்லை. அந்த ருசி பரவித்தான் 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கினார். எங்கள் வட்டத்தில் இதுவரை பரவியது மெட்ராஸ் ஐ மட்டுமே.

ஆதலின் ஆய்வாளரின் பரிந்துரை: ஒரே பிரதி, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது. வாசிக்கும் பொறுப்பு ஒன்பதாம் வகையினருக்கு. அவர் நன்றாகப் பேசுகிறவர். ஒரு தடவையாவது புத்தகத்தைத் தொட்டது போலவும் இருக்கும்.

இவ்வேகத்தில் எப்போது முடிப்பது என்பர் மறுப்பாளர். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் சேர்ந்து 293 அத்தியாயம். ஞாயிறுக்கு இரண்டு வீதம் 147 ஞாயிறு, அதாவது மூன்று வருஷத்துக்குள். கல்கி பத்திரிகையில் 1950இல் தொடங்கி 1954இல் முடிய, வாரவாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு மூன்றரை வருஷம் ஆயிற்று. அவர்களைவிட நாங்கள் வேகம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றே. வட்டத்தில் இரண்டு பேர் ட்ரெய்னி. ஒப்பந்தம் வருகிற ஆண்டோடு முடிகிறது. வந்தியத்தேவனைப் பாதி வழியில் விட்டுப் போக மனமில்லை என்கிறார்கள். நான்காம் பாகம் வரைக்குமாவது நீட்டிப்புக் கேட்டு எச்.ஆருக்கு எழுதலாமா என்று அடுத்த ஞாயிறு பேசவிருக்கிறோம்.