நடை சாத்தும் கலை

ஒரு கோயிலின் மகிமையை அதன் வாசலில் நிற்கும் வரிசையை வைத்துத்தான் அளக்கிறோம். உள்ளே போய்க் கும்பிட்டவர்களைவிட, கால் கடுக்க நின்று திரும்பியவர்களே மூலவரின் சக்திக்கு நல்ல சாட்சி. அந்தக் கணக்கில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் ஊரில் எழுந்தருளியிருக்கும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு ஈடான தலங்கள் உலகில் குறைவு. 2024இல் அதன் இளநிலைப் படிப்பில் சேர 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். 1,970 பேருக்கு நடை திறந்தது. மீதி 52,000 சொச்சம் பேருக்குத் திறக்கவில்லை. பிள்ளைகளைப் படிக்க வைப்பது எந்த ஊர்க் கல்லூரியும் செய்கிற வேலை. இத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகளைப் படிக்க வைக்காமல் விடுவதற்கும், அதனாலேயே புகழ் பெறுவதற்கும் தனித் திறமை வேண்டும்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் குறிக்கோள் 'வெரிட்டாஸ்'. லத்தீனில் உண்மை என்று பொருள். உண்மைக்கு அங்கே எவ்வளவு மரியாதை என்பதை வளாகத்தில் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலையிடம் கேட்கலாம். 1884இல் டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் வடித்தது. பீடத்தில் 'ஜான் ஹார்வர்டு, நிறுவனர், 1638' என்று பொறித்திருக்கிறார்கள். கல்லூரி தோன்றிய ஆண்டு 1636. தோற்றுவித்தது அன்றைய மாசசூசெட்ஸ் குடியேற்றப் பகுதியின் ஆட்சி மன்றம். ஜான் ஹார்வர்டு செய்ததெல்லாம் 1638இல் சாகும்போது சொத்தில் பாதியையும் 400 சொச்சம் புத்தகங்களையும் எழுதிவைத்ததுதான். சிலையின் முகமாவது அவருடையதா என்றால், அவர் படம் எதுவும் மிஞ்சவில்லை. ஒரு மாணவரை உட்கார வைத்துப் பார்த்துச் செய்தார்கள். 'மூன்று பொய்களின் சிலை' என்று பெயரே வந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்கிறவர்களுக்கு நன்றியுணர்ச்சி என்றால் என்னவென்று தெரியாது. சொத்தைக் கொடுத்தவர் நிறுவனர் ஆகிவிடலாம் என்பதுதான் அந்தப் பீடம் நடத்தும் முதல் பாடம்.

அந்தப் பாடத்தை ஹார்வர்டு இன்றுவரை மறக்கவில்லை. நம் கோயில்களில் உபயதாரர் குடும்பத்துக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வதில்லையா? அங்கேயும் முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பரம்பரை மரியாதை உண்டு. ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாரபட்சம் காட்டுவதாக 2014இல் தொடுக்கப்பட்ட வழக்கொன்றில் சேர்க்கைக் கணக்குகள் வெளியே வந்தபோதுதான் அதன் அருமை உலகத்துக்குத் தெரிந்தது. ஆறு ஆண்டுக் கணக்கில், அப்பாவோ அம்மாவோ அங்கே படித்திருந்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேருக்கு இடம். மற்றவர்களில் 6 பேருக்கு. சேர்க்கைப் பிரிவின் டீன் தனிக் கவனம் செலுத்தும் பிள்ளைகளுக்கென்று ஒரு பட்டியலும் இருந்தது. நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகளை அது மறப்பதில்லை. ஒரு துறையின் டீன், தாம் ஆர்வம் காட்டியவர்களுக்கு இடம் கிடைத்ததில் பூரித்துப்போய், அவர்களைச் சார்ந்தவர் ஒருவர் கட்டடமே கட்டித்தர ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எழுதிய மின்னஞ்சல் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. கல்விக்குக் கட்டடமும் தேவை அல்லவா? மாணவர் எங்கே உட்காருவார்?

விளையாட்டையும் அவர்கள் கைவிடவில்லை. 42 அணிகள் வைத்திருக்கிறார்கள். பயிற்சியாளர்கள் தேடிப் பிடித்து அழைக்கும் ஆட்டக்காரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்ததாக அதே வழக்கில் தெரிந்தது. பாய்மரப் படகு, வாள்வீச்சு, ஸ்குவாஷ் எல்லாம் அந்த 42இல் அடக்கம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஏனோ வீட்டில் பாய்மரப் படகு வைத்துக்கொள்வதில்லை. அந்த அசட்டைக்குப் பல்கலைக்கழகம் என்ன செய்யும்?

மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் அற்பத்தனம் அங்கே கிடையாது. முழு மனிதரைப் பார்ப்பார்கள். இந்த உயர்ந்த கொள்கை பிறந்த கதை சுவையானது. 1900இல் நூற்றுக்கு 7 ஆக இருந்த யூத மாணவர்கள் 1922வாக்கில் 21 ஆகிவிட்டார்கள். தேர்வில் நன்றாக எழுதியதைத் தவிர அவர்கள் வேறு குற்றம் செய்யவில்லை. அப்போது பல்கலைக்கழகத் தலைவராயிருந்த லாரன்ஸ் லோவெல், 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே சொல்லிப் பார்த்தார். ஆசிரியர்கள் கூச்சப்பட்டார்கள். கூச்சத்துக்கு மருந்தாக வந்ததுதான் 'குணநலன்'. விண்ணப்பத்தில் புகைப்படம் கேட்டார்கள். அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர், அப்பா பிறந்த ஊர், குடும்பப் பெயரை எப்போதாவது மாற்றியதுண்டா என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் என்று மட்டும்தான் கேட்டார்கள். அதற்குப் பிறகு யூத மாணவர் தொகை தானாகவே குறைந்தது.

குணத்தை நிறுக்கும் அந்தத் தராசு பின்னால் இன்னும் நுட்பமாயிற்று. அன்பு, துணிவு, பழகும் பாங்கு இவற்றுக்கெல்லாம் சேர்க்கை அலுவலகம் எண் போட்டது. படிப்பில் முன்னால் நின்ற ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்த எண் மட்டும் சராசரியில் இறங்கியது. நேரில் பார்த்துப் பேசிய முன்னாள் மாணவர்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழச் சமமாகத்தான் இவர்களுக்கும் எண் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலோரைப் பார்த்தே இராத அலுவலகத்தாருக்குத்தான் குறை தெரிந்தது. ஆளைப் பார்க்காமல் குணம் சொல்ல ஜோசியருக்குக்கூட ஜாதகம் வேண்டும். 2014இல் தொடுத்த அந்த வழக்கில், 2019இல் கீழ் நீதிமன்றம் இதில் உள்நோக்கம் இல்லை என்றது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று தீர்த்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு இருந்த கைத்தாங்கல் போயிற்று. அப்பாவையும் அம்மாவையும் கணக்கில் எடுப்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. சம நீதி என்றால் இப்படித்தான் வேரைத் தொடாமல் கிளையை வெட்ட வேண்டும்.

உள்ளே போய்விட்டவர்களுக்கு அதன்பின் தாய்வீடு. 2001இல் பட்டம் பெற்றவர்களில் 91 சதவீதம் பேர் 'சிறப்புத் தகுதி'யோடு வெளியே வந்தார்கள். சிறப்பில்லாமல் படித்து முடிப்பதுதான் அங்கே அரிய சாதனையாக இருந்தது. 2025இல் பல்கலைக்கழகமே எடுத்த கணக்கில், கொடுக்கப்படும் மதிப்பீடுகளில் 60 சதவீதத்துக்கு மேல் 'ஏ'. வாசலில் அவ்வளவு கண்டிப்பு, உள்ளே அவ்வளவு தாராளம். பிரசாதம் என்றால் வரிசையில் நின்றவனுக்கு இல்லாவிட்டாலும் கருவறை வரை வந்தவனுக்குக் கை நிறையக் கொடுக்கத்தானே வேண்டும்?

தாராளம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டு வருமானம் 2,00,000 டாலருக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளிடம் படிப்புக் கட்டணமே வாங்குவதில்லை என்று 2025இல் அறிவித்தார்கள். இதில் வஞ்சகமில்லை, உண்மையாகவே நல்ல காரியம். விருந்து இலவசம், அழைப்பிதழ்தான் எண்ணி அச்சடித்தது. அங்கேயே பேராசிரியராக இருக்கும் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் 2023இல் இதை அளந்து பார்த்தார்கள். ஹார்வர்டு உட்பட இப்படிப்பட்ட 12 கல்விக்கூடங்களில், ஒரே தேர்வு மதிப்பெண் எடுத்த இரு பிள்ளைகளில், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட உச்சி ஒரு சதவீதப் பணக்கார வீட்டுப் பிள்ளை போய்ச் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். தன்னைப் பற்றிய இந்த உண்மையைக் கண்டுபிடிக்கத் தானே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் பெருந்தன்மை வேறு யாருக்கு வரும்? 'வெரிட்டாஸ்' என்று சும்மாவா எழுதி வைத்தார்கள்!

இந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள தமிழுக்கு அங்கே உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று நாம் விண்ணப்பித்தோம். விலை 60 லட்சம் டாலர். அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் 10 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகமெங்கும் இருந்த தமிழர்கள் ஆளுக்கு இயன்றதைப் போட்டார்கள். 2018இல் தொகை நிறைந்தது. அந்த ஆண்டு ஹார்வர்டின் மூலதன நிதி 3,920 கோடி டாலர். ஒரு லட்ச ரூபாயை இடுப்பில் முடிந்து வைத்திருப்பவரிடம் நாம் 15 ரூபாயைத் திரட்டிக்கொண்டு போய்ப் பணிவோடு நீட்டினோம். அவர் வாங்கிக்கொண்டார். கடலில் பெய்த மழை வீண் என்பார்கள். கடல் கோபித்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொண்டதே என்று நாம் அன்று பூரித்தோம். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளுக்கு உண்டியல் குலுக்குவதைவிட இதில் கௌரவம் அதிகம்தான்.

கேம்பிரிட்ஜுக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவறாமல் அந்த வெண்கலச் சிலைக்கு முன் நிற்கிறார்கள். அதன் இடது காலைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. பிள்ளையைத் தூக்கிப் பிடித்துத் தேய்க்க வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் பெற்றோர் ஏராளம். சிலை முழுக்கக் கறுத்திருக்க, அந்தக் காலணி நுனி மட்டும் பொன்னாகப் பளபளக்கிறது. விண்ணப்பமும் பரம்பரையும் பாய்மரப் படகும் இல்லாமல் யாரும் தொடக்கூடியது அது ஒன்றுதான். நிறுவாத ஒரு நிறுவனரின், அவருடையதே அல்லாத காலை, உள்ளே போகமுடியாதவர்கள் தலைமுறை தலைமுறையாகத் துலக்கி வைக்கிறார்கள். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆள் பஞ்சமும் வந்ததில்லை.