குளிர் சேர்த்துவைத்த குடும்பம்

ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே குடும்பம்தான் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே கணப்படுப்பு எரிகிறது. பாட்டி மடியில் நூல்கண்டு, அம்மா கையில் பிஸ்கட் தட்டு, பிள்ளைகள் முகத்தில் மாவு, பூனைக்குக்கூட ஒரு சாந்தம். அப்பா மட்டும் எந்த வேலையும் செய்யாமல் பெருமிதமாக நிற்பார். அது எந்த நாட்டிலும் மாறுவதில்லை. இந்தப் படத்தைப் பார்த்து "ஆகா, என்ன பாசம்!" என்று உருகுகிறவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. அந்தக் குடும்பத்தை ஓர் அறைக்குள் கொண்டுவந்து போட்டது பாசம் அல்ல, குளிர். வந்து விழுந்தவர்கள் ஒருவர் குடுமியை ஒருவர் பிடிக்காமல் காப்பாற்றுவது ஊசியும் மாவும். ஸ்வெட்டரும் பிஸ்கட்டும் இந்த ஏற்பாட்டில் உபரியாகக் கிடைப்பவை. கிடைக்காமல் போனாலும் பெரிய நஷ்டமில்லை.

சான்றுக்கு முதலில் ஐஸ்லாந்து. ரெய்க்யவிக்கில் டிசம்பர் கடைசியில் சூரியன் காலை 11 மணிக்கு மேல் எழுந்து, மாலை 4 அடிப்பதற்குள் கிளம்பிவிடும்; பகல் என்று சொல்லிக்கொள்ள 4 மணி நேரம் சொச்சம். காடு அழிந்துபோன தீவு என்பதால் விறகுக்கும் பஞ்சம். பழைய புல்மண் வீடுகளில் 'பாத்ஸ்டோவா' என்றோர் அறை உண்டு. வீட்டார், வேலையாட்கள் அனைவரும் உண்பது, உறங்குவது, உழைப்பது எல்லாம் அதற்குள்தான். எரிக்கப் போதுமானது இல்லாததால் மனித உடம்புகளே அந்த அறையின் ஹீட்டர். அதுவும் போதாத இடங்களில் மாட்டுத் தொழுவத்துக்கு மேலேயே அறையைக் கட்டி, கீழிருந்து வரும் சூட்டில் குளிர் காய்ந்தார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். மாமியார், மருமகள், முதலாளி, கூலியாள், அடியில் பசு, இப்படி மாதக்கணக்கில். இதைப் பாசம் தாங்குமா? தாங்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இராத்திரிப் பொழுதுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் விளக்கருகே உட்கார்ந்து 'சாகா' என்னும் பழைய கதைகளை உரக்கப் படிப்பார், அல்லது பாட்டாக இழுப்பார். மற்றவர்கள் ஆண், பெண், பிள்ளை என்ற பேதமில்லாமல் கம்பளி சிக்கெடுப்பார்கள், நூற்பார்கள், பின்னுவார்கள். சாகாக்களில் வெட்டுக் குத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு தலைமுறைப் பகை அடுத்த தலைமுறையில் வீட்டைக் கொளுத்தித் தீரும். அறைக்குள் நடந்திருக்கக்கூடிய கொலைகளை எல்லாம் கதைக்குள் நடத்தி முடித்துவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் காலுறையின் குதிகாலைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அந்தக் காலுறைகளும் கையுறைகளும் கப்பலேறி ஏற்றுமதியாயின என்பது கூடுதல் லாபம்.

இங்கிலாந்தின் டென்ட் பள்ளத்தாக்கில் இதே ஏற்பாடு இன்னும் கெட்டிக்காரத்தனமாக நடந்தது. அங்கே 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கெண்டல் நகரத்து வியாபாரிகளுக்காக ஊரே பின்னிக்கொண்டிருந்தது. பனிக்கால இரவுகளில் அக்கம்பக்கத்தார் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவார்கள். காரணம் அன்பு பாராட்டல் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்: பத்து வீட்டில் பத்துக் கணப்பு எரிவதற்குப் பதில் ஒரு வீட்டில் ஒன்று எரிந்தால் போதும். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டியபடி, பாட்டும் கதையுமாகப் பின்னித் தள்ளுவார்கள். இடுப்பு வாரில் செருகிய மரக்கட்டை ஒன்று ஊசியின் அடியைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கட்டையைச் செதுக்கி, விரும்பிய பெண்ணுக்குக் காதல் பரிசாகக் கொடுப்பது இளைஞர்கள் வழக்கம். "இதை வைத்து இன்னும் வேகமாக உழை" என்பதைவிட நேர்மையான காதல் கடிதம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

சரி, ஊசி எப்படிச் சமாதானம் செய்கிறது? வலது ஊசியின் முனை, இடது ஊசியில் காத்திருக்கும் கண்ணிக்குள் நுழையும். நூலைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் நழுவக்கூடாத கண்ணி ஒன்று நழுவிவிட்டால், அது தனக்குக் கீழே உள்ள வரிசைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு ஏணிபோல் இறங்கும். ஆகவே பின்னுகிறவரால் கண்ணை எடுக்க முடியாது, எண்ணிக்கையை விட முடியாது. இதன் குடும்பப் பயன் என்னவென்று பாருங்கள். "அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?" என்று யாராவது ஆரம்பித்தால், "இரு, எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிடலாம். மரியாதைக் குறைவும் இல்லை, பதிலும் இல்லை. இருபது சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு சாதாரண மஃப்ளரை எடுத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டருக்குக் குறுக்கே 20 கண்ணி, நெடுக்கே 28 வரிசை என்று பின்னினால், மொத்தம் 16,800 கண்ணி. நிமிடத்துக்கு 25 போட்டாலும் 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதினோரு மணி நேரம் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்க வேறெந்தச் சாக்கு கிடைக்கும்?

கேக்குக்கும் இதே கணக்குதான். 2 கிலோவாட் ஓவன் ஒரு மணி நேரம் ஓடினால், உள்ளே போன மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாக மாறிச் சமையலறைக்குள்தான் வந்து சேரும். ஹீட்டர் செய்வதும் இதையேதான், ஆனால் அதற்கு இலவங்கப்பட்டை வாசனை கிடையாது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு நாலைந்து வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வருகிற பண்டிகைக்கான புட்டிங் கலவையை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை கிண்டி, மனதுக்குள் ஒன்று வேண்டிக்கொள்வது வழக்கம். ஒரு ஆள் ஐந்து நிமிடத்தில் கிண்டி முடிக்கிற கலவைக்கு ஏழு பேரை வரிசையில் நிறுத்துவது புட்டிங்கின் நன்மைக்காக அல்ல. பிறகு அது மணிக்கணக்காக ஆவியில் வேகும். எல்லோரும் அந்த ஆவியைச் சுற்றியே இருப்பார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் ஒருபடி மேலே போய், கோதுமை மாவை அப்பளம் போல் மெல்லிசாகத் தேய்த்து, குடும்பமே சுற்றி உட்கார்ந்து கத்தி முனையால் இலை இலையாக வெட்டுப்பூ போட்டு, எண்ணெயிலோ கொழுப்பிலோ பொரித்தெடுக்கிறார்கள். மாவு அரிதாக இருந்த காலத்தில், கொஞ்ச மாவில் நிறைய ரொட்டி காட்டவேண்டிய அவசியத்திலிருந்து வந்த மெல்லிசு அது. வெட்டுப்பூ போட ஒரு சாயங்காலம் ஆகும், தின்ன ஒரு நிமிடம். இந்த விகிதத்தை யாரும் குறை என்று நினைக்கவில்லை, பாருங்கள்.

இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கணக்குப்பிள்ளை மனம் கேட்கும். ஆகாது. பின்னல் இயந்திரத்தை வில்லியம் லீ என்பவர் நாட்டிங்காம்ஷயரில் 1589லேயே செய்துவிட்டார். அந்த வழியில் வந்ததுதான் இன்று திருப்பூரில் இராப்பகலாக ஓடுவது. ஐரோப்பியக் குடும்பம் அட்டையில் ஸ்வெட்டர் பின்னுவதாகக் காட்டிக்கொண்டாலும், உள்ளே போட்டிருக்கும் பனியன் நம் கொங்கு நாட்டிலிருந்து வந்ததாக இருக்கவும் வாய்ப்புண்டு. நல்ல கம்பளி நூலுக்குக் கொடுக்கிற காசில் கடையில் முழு ஸ்வெட்டரே வாங்கிவிடலாம். இந்த ஆட்சேபம் என் கட்சியை உடைக்கவில்லை, தாங்கிப் பிடிக்கிறது. பொருளுக்காக மட்டும் பின்னியிருந்தால் லீயின் இயந்திரம் வந்ததோடு ஊசியை மூட்டை கட்டியிருப்பார்கள். சொல்லப்போனால், பொருள் கைக்கு வந்ததும்தான் ஆபத்தே ஆரம்பம். காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தால் காதல் முறிந்துவிடும் என்று மேல்நாட்டுப் பின்னல்காரிகளிடையே ஒரு சாபக் கதையே உலவுகிறது. சாபம் எதற்கு? நூறு மணி நேரம் உழைத்தவளுக்கு அதற்கேற்ற பாராட்டு வேண்டும். போட்டுக்கொண்டவனுக்கோ கழுத்தில் அரிக்கும். பின்னிக்கொண்டே இருந்தவரை இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மற்றவர்கள் குளிர் காய, வேலை முழுவதும் ஒரு பெண் தலையில். இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. நார்வேயில் கிறிஸ்துமஸுக்கு ஏழு வகை பிஸ்கட் சுட்டு வைப்பது நல்ல குடும்பத்தின் அடையாளம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஆறு வகையோடு நிறுத்திய மருமகளைப் பற்றி ஏழு வகை சுட்ட மாமியார் என்ன சொல்லியிருப்பார் என்பதை நார்வே மொழி தெரியாமலே ஊகித்துவிடலாம். ஆனால் இந்த ஆட்சேபம் குறிவைப்பது அட்டைப் படத்தைத்தான், டென்ட் கணப்பை அல்ல. அங்கே ஆண்களும் ஊசி பிடித்தார்கள். பனிக்காலத்தில் கை சும்மா இருக்கிற எவருக்கும் நெருப்பருகே உட்காரக் கூச்சமாக இருந்திருக்கும். அட்டையில் நிற்கிறாரே அப்பா, அவர் கையில் ஒரு ஊசியைக் கொடுத்துவிட்டால் படத்தில் பாதிப் பிழை சரியாகிவிடும்.

டிவியும் செல்போனும் இதே வேலையைச் செய்யாதா என்றால், செய்யாது. டிவிக்கு ரிமோட் ஒன்றுதான், அதற்குச் சண்டை; செல்போன் ஆளை அறையிலேயே வைத்துக்கொண்டு வேறெங்கோ கூட்டிப் போய்விடுகிறது. பின்னல் கண்ணையும் கையையும் கட்டிப்போட்டாலும் காதை விட்டுவைக்கிறது. நியாயமாகப் பார்த்தால் குற்றவாளி செல்போன்கூட இல்லை, வீடு முழுவதும் சூடாக்கும் ரேடியேட்டர். 1960, 70களில் பிரிட்டன் வீடுகளில் அது பரவப் பரவ, மாடி அறையும் சூடானது. சூடான அறைக்குக் கதவு இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கிற நம்மவர்கள் வீட்டில் இன்னொரு சிக்கல். குளிரில் இட்லி மாவு புளிக்காது என்பதால், ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை இராத்திரி முழுக்க உள்ளே குடிவைக்கிறார்கள். பிள்ளைகள் கேக் போட வந்தால் ஓவன் காலியில்லை. வீட்டிலேயே சூடான இடத்தை மாவுக்குக் கொடுத்துவிட்டு மனிதர்கள் கம்பளியைப் போர்த்திக்கொள்ளும் குடும்பம் எனக்குத் தெரிந்து வேறு நாகரிகத்தில் இல்லை.

பாசம்தான் காரணம் என்று இன்னமும் சொல்கிறவர்கள் 2022 பனிக்காலத்தைப் பார்க்கட்டும். எரிவாயு, மின்சார விலை ஏறிய அந்த ஆண்டில், வீட்டைச் சூடாக்கக் கட்டுப்படியாகாதவர்கள் வந்து உட்காரட்டும் என்று பிரிட்டன் முழுவதும் நூலகங்களும் தேவாலயங்களும் சூடான கூடங்களைத் திறந்துவைத்தன. வந்தவர்களில் பலர் ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள். சொந்தம் இல்லை, பந்தம் இல்லை, பொதுவாக இருந்தது ஒரு ரேடியேட்டர்தான். அந்த ஊர் நூலகங்களில் பின்னல் குழுக்கள் முன்பே உண்டு. தேநீரும் பிஸ்கட்டும் கேட்கவே வேண்டாம். கொஞ்ச நேரத்தில் யாருக்கு யார் சித்தப்பா என்று மட்டும்தான் முடிவாக வேண்டியிருந்திருக்கும்.