அடுத்த மாசம் கண்டிப்பா

கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, ஈப்போ உத்தாராவில் இறங்கி, செம்மோர் வழியாகப் பழைய சாலையைப் பிடித்தால் போதும். நடுவில் ஒரு தே தாரேக்குக்கு நின்றாலும் மூன்றரை மணி நேரத்தில் பட்டணத்துக்குள் நுழைந்துவிடலாம். காலையில் புறப்பட்டவர் மதியம் அங்கே சாப்பிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். நஜிப் காலத்தில் போட்ட திட்டம் இது. மகாதீர், முகிதின், இஸ்மாயில் சப்ரி, அன்வார் என்று நாட்டில் பிரதமர்கள் மாறிவிட்டார்கள். திட்டம் மட்டும் பதவியில் இருக்கிறது. காரணம், அதற்கு ஓர் அமைப்பாளர் இருக்கிறார்.

இந்த வகை மனிதரை நீங்களும் அறிவீர்கள். பிறந்தது சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். எல்பில், ஹீவூட், டோவன்பி, கமுனிங், எதுவாகவும் இருக்கலாம். கேட்டால் 'எங்க தோட்டம்' என்பார், நாட்டில் வேறு தோட்டமே இல்லாத மாதிரி. இளவயதில் வெளியேறி, ஷா ஆலாம் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்று, சேமநிதிப் பணத்தில் வீட்டு முன்புறம் கூரை இறக்கியவர். அந்தக் கூரைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் மேசை. மேசையில் ஒரு கோப்பு. கோப்புக்குள் இருக்கும் தாள்களை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். மழைச்சாரலுக்குத் திட்டம் நனைந்துவிடக் கூடாதல்லவா!

இந்தத் திட்டங்கள் எல்லாமே சாவு வீட்டில்தான் பிறக்கின்றன. கூடாரத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், மைலோ குடித்துக்கொண்டிருக்கும்போது எதிர் நாற்காலிக்காரர் உற்றுப் பார்ப்பார். "நீ மேட்டு லயத்துப் பையன்தானே?" அவ்வளவுதான். யார் யார் இருக்கிறார்கள், யார் யார் போய்விட்டார்கள் என்று கணக்கெடுப்பு நடக்கும். கடைசியில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வார்: "நாம இப்படி எளவு வீட்லதான் பாத்துக்கணுமா? ஒரு தடவ எல்லாரும் ஒண்ணா தோட்டத்துக்குப் போயிட்டு வருவோம்." எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒருவர் மட்டும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுப்பார். அவர்தான் அமைப்பாளர்.

உடல் மின்சுடலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கள் வாட்சாப் குழு பிறந்துவிட்டது. அரசியல் பேசக்கூடாது என்பது முதல் விதி. 1974 முதல் 2008 வரை சாமிவேலு கையில் இருந்து, 2008-இல் மைக்கல் ஜெயக்குமாரிடம் போன தொகுதி சுங்கை சிப்புட். அந்த ஊர்க்காரர்களிடம் போய் இந்த விதி! தினமும் யாராவது மீறுகிறார்கள். தினமும் அமைப்பாளர் விதியை மறுபடி ஒட்டுகிறார்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. தோட்டம் அழிந்து பல காலமாயிற்று; தோட்டத்து நிர்வாகம் அப்படியே குழுவுக்குள் குடியேறிவிட்டது. கங்காணியின் பேரன் காலை ஐந்தரைக்கு 'இனிய காலை வணக்கம்' போடுகிறார். ஆறு மணிக்குள் பதில் வராதவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். பெரட்டு நடக்கிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை. கிராணியின் மகனைக் கேட்காமலே பொருளாளராக்கிவிட்டார்கள். மேட்டு லயத்துக்காரர்கள் முதல் காடியில் வருவார்களாம். பள்ளத்து லயத்துக்காரர்கள், தங்கள் பிள்ளைகள் டாக்டரும் வக்கீலுமாக ஆன பிறகும், "பின்னால வர்றோம், பரவாயில்ல" என்று எழுதுகிறார்கள். எழுதிவிட்டு ஒரு கோபக்குறியையும் போடுகிறார்கள்.

அடுத்தது தேதி. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகவேண்டும். சீனப் பெருநாளுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நெடுஞ்சாலை நகராது. பங்குனியில் பாதிப் பேருக்குக் காவடி. ஆடியில் கோயில் கூழ். புரட்டாசியில் கவிச்சி ஆகாது; கவிச்சி இல்லாமல் பேராக் போய் என்ன பயன்? கார்த்திகையில் மூன்று பேர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். வருடக் கடைசியில் மழை. பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளி நாளில் அவர்களை ஏற்றி இறக்க வேண்டும்.

ஜூன் 16 என்று ஒருவர் சொன்னார். அன்று துன் சம்பந்தன் பிறந்தநாள். 1919-இல் அவர் பிறந்ததே சுங்கை சிப்புட்டில்தான், இதைவிடப் பொருத்தமான நாள் உண்டா என்றார். உடனே இன்னொருவர், அன்றைக்குத்தானே 1948-இல் துரைமார்களைச் சுட்டார்கள், நல்ல காரியத்துக்கு ஆகுமா என்றார். இரண்டும் உண்மை. அதனால் அந்த நாளும் கழிந்தது. எல்லாம் கழித்தபின் எஞ்சியது பிப்ரவரி 29. அடுத்த பிப்ரவரி 29 வருவது 2028-இல். பார்த்தால் அன்று செவ்வாய்க்கிழமை.

தேதி இல்லாததால் வழி பற்றிய பேச்சுக்கு ஒரு குறையும் வரவில்லை. நெடுஞ்சாலைக் கட்சி டோல் கணக்குப் போடுகிறது. பழைய சாலைக் கட்சிக்குத் தஞ்சோங் மாலிமில் பாவ், பீடோரில் கொய்யா, கம்பாரில் ரொட்டி, ஈப்போவுக்குள் நுழைந்து புந்தோங்கில் கச்சான் பூத்தே, எல்லாம் வேண்டும். அவர்கள் சொல்கிற மாதிரி நின்று நின்று போனால் சுங்கை சிப்புட் போய்ச் சேர நள்ளிரவாகும். தோட்டத்தை டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது, ரயில் கட்சி. 2015-இல் மின்சார ரயில் பாடாங் பெசார் வரைக்கும் நீண்டுவிட்டதே, சுங்கை சிப்புட்டில் நிற்கிற வண்டியாகப் பார்த்து ஏறினால் முட்டிவலிக்காரர்களுக்கு நல்லது என்கிறது. முட்டிவலி இல்லாதவர் யார் என்ற கேள்வி எழுந்து, அந்தப் பேச்சு தைல வியாபாரத்தில் போய் முடிந்தது.

சட்டை மட்டும் வந்துவிட்டது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார். அந்த ஊர்க்காரர் வழியில் வந்த நம் அமைப்பாளர் ஆளுக்கு முப்பது வெள்ளி சேர்த்து டீ-சட்டை வாங்கிக் காட்டினார். நெஞ்சில் 'மலரும் நினைவுகள் 2017' என்று அச்சடித்திருந்தது. அன்று எல் சைஸ் கொடுத்தவர்களுக்கு இன்று அது கழுத்தோடு நின்றுவிடுகிறது. ஆண்டை மறைக்க ஒரு மயில் படத்தை ஒட்டிவிடலாம் என்கிறார் பொருளாளர்.

வழிநெடுகப் படிக்க அமைப்பாளர் ஒரு வரலாற்றுரையும் தயாரித்திருக்கிறார். எல்பில் தோட்டத்து ஆபீசில் ஆர்தர் வாக்கர், பக்கத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன், மூன்று துரைமார்கள் ஒரே காலையில் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்ததும் அதில் சரியாகவே இருக்கின்றன. சிக்கல் சாட்சிகளால் வந்தது. குழுவில் உள்ள பெரும்பாலோருடைய தாத்தா அன்று காலை அந்த ஆபீஸ் வாசலில்தான் நின்றிருக்கிறார். அத்தனை பேர் நின்றிருந்தால் துப்பாக்கியோடு வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிருப்பார்கள் என்று எழுத நினைத்து, வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, வரைபடம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அமைப்பாளர் தன் கைப்பட வரைந்தது. லயங்கள் நீலம், கோயில் மஞ்சள், துரை பங்களா சிவப்பு, மரங்கள் பச்சை. பெரட்டுக்களம், ஸ்டோர், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, திடல், கிணறு எல்லாம் உண்டு. முதலில் குழுவில் போட்டபோது அவர் வீடு கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டே நாளில் இன்னும் பதினான்கு வீடுகள் கோயிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. கோயிலைப் பெரிதாக வரைந்து இடம் கொடுத்தார்.

ஆண்கள் கள்ளுக்கடையை அடையாளமாக வைத்து வழி சொன்னார்கள். பெண்கள் குழாயடியை வைத்துச் சொன்னார்கள். இரண்டும் ஒரே தோட்டமா என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்தது. ஆனால் பெரிய போர் கிணற்றுக்குத்தான். கள்ளுக்கடைக்கு இடப்பக்கம் என்று ஒரு கட்சி, வலப்பக்கம் என்று ஒரு கட்சி. குரல்பதிவுகள் பறந்தன. "நான் அதுல வுழுந்தவன், எனக்குத் தெரியாதா?" என்றார் ஒருவர். இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். அமைப்பாளர் வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாகக் கூட்டி வந்தார். அப்புறம் கிணற்றை நடுவில் வரைந்து, இரு பக்கமும் அம்புக்குறி போட்டார்.

பேரப்பிள்ளைகளுக்குப் பால்மரம் காட்ட வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் உண்டு. மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட மரமாயிற்றே. ஆனால் எங்கள் தோட்டத்தில் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். எனவே கோலக்கங்சார் போய், 1877-இல் நட்டவற்றில் மிஞ்சி நிற்கிற அந்த ஒரு மரத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. வேலி போட்டுப் பலகை வைத்திருக்கும் மரம். ஆயுள் முழுக்க இருட்டில் எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவியவர்கள், சுற்றுப்பயணிகளாகப் போய் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

ஏன் இந்த மனிதர் சட்டென்று ஒரு காடியை எடுத்துக்கொண்டு போய் வந்துவிடுவதில்லை? ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். அவர் நேரான பதில் சொல்லவில்லை. தோட்டத்தை விற்றதும் காலி செய்யச் சொன்ன கதையைச் சொன்னார். யாரோ வாங்கினார்கள், யாரோ கணக்குப் பார்த்தார்கள், ஒருநாள் லோரி வந்து வாசலில் நின்றது. அன்றைக்கு அவருக்கு வயது பதினேழு. கட்டில், பெட்டி, கோழிக்கூடு எல்லாம் ஏற்றியபின் அம்மிக்கு இடமில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாராம். அம்மி வாசலிலேயே கிடந்தது.

தோட்டத்தில் எழுந்திருக்கும் நேரத்தைச் சங்கு சொன்னது, வேலை செய்யும் நிரையைக் கங்காணி சொன்னார், வெளியேறும் நாளை நோட்டீஸ் சொன்னது. போகும்போது யாரும் இவரிடம் தேதி கேட்கவில்லை. இப்போது தேதி இவர் கையில் இருக்கிறது. அதை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவாரா?

இத்தனைக்கும் நடுவில், சுங்கை சிப்புட்டை விட்டு எங்கும் போகாத ஓர் ஆள் உண்டு. எங்கள் அத்தை. பட்டணத்துக்கு வெளியே தாமான் ஒன்றில், மலிவுவிலை வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு தேதி முடிவாகும்போதும் அமைப்பாளர் அவருக்குத்தான் முதலில் போன் போடுவார்.

"அத்தே, அடுத்த மாசம் கண்டிப்பா வர்றோம்."

"வாங்கய்யா. எத்தன பேரு? அரிசி போடணும்."

"அத கமிட்டில பேசிட்டுச் சொல்றேன்."

"நீ போன தடவ சொன்னப்ப வுட்டு வெச்ச சேவலு இப்ப பேரன் பேத்தி எடுத்துருச்சுய்யா."

போன மாதம் ஒரு சனிக்கிழமை அத்தையே போன் போட்டார். ஈப்போ அமான்ஜெயாவில் பஸ் ஏறிவிட்டாராம், கிள்ளான் சென்ட்ரலுக்கு மதியம் வருகிறாராம். அமைப்பாளர் உடனே குழுவில் அறிவித்தார். யார் காடி எடுப்பது, எந்த வாசலில் நிற்பது, மாலை வாங்குவதா, பொன்னாடையா? வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோதே வாசலில் கிராப் வந்து நின்றது. பக்கத்து சீட்டில் வந்த மாணவி பிடித்துக் கொடுத்தாளாம். அத்தை இறங்கினார். ஒரு கையில் ஐஸ்கிரீம் டப்பாவில் சேவல் பிரட்டல், இன்னொரு கையில் கறிவேப்பிலைக் கட்டு, தோளில் புந்தோங் கச்சான்.

"நீங்க வர்ற மாதிரி தெரியல. சேவலுக்கும் வயசாவுது. அதான் வந்துட்டேன்."

சாப்பாடு ஆனதும் அமைப்பாளர் லேமினேட் செய்த வரைபடத்தைக் கொண்டுவந்து அத்தை முன்னால் வைத்தார். இருபது பேர் சுற்றி நின்றோம். அத்தை கண்ணாடியைப் போட்டு, தாளை ஒரு தரம் தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராக வைத்தார்.

"இது என்னய்யா, வட்டமா?"

"கெணறு, அத்தே. கள்ளுக்கடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னு நீங்கதான் சொல்லணும்."

"எந்தக் கெணறு?" அத்தை எல்லார் முகத்தையும் பார்த்தார். "நம்ம தோட்டத்துல ஏதுய்யா கெணறு? நமக்கெல்லாம் கொழாத்தண்ணிதானே! கெணறு பக்கத்துத் தோட்டத்துல இல்ல இருந்துச்சு. நீங்க திருட்டுத்தனமா குளிக்கப் போயி, அவனுங்க வெரட்டி வெரட்டி அடிச்சானுங்களே, மறந்துபோச்சா?"

கிணற்றில் விழுந்தவர் எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் காலை கோழிக்குத் தீனி போடணும் என்று அத்தை பஸ் ஏறிவிட்டார். அன்றிரவு குழுவில் அமைப்பாளரின் செய்தி வந்தது: "அன்பான சொந்தங்களே, பயண நிரலில் ஒரு சிறு திருத்தம். பக்கத்துத் தோட்டத்தையும் பார்வையிடுகிறோம். இதற்காக அந்தத் தோட்டத்துக் குழுவின் அமைப்பாளரைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறேன். அருமையான மனிதர். எல்லாவற்றையும் கோப்பு போட்டு வைத்திருக்கிறார். அவர்களும் இன்னும் போகவில்லையாம்."