சிவப்பிலும் போகலாமா?

கேள்வி: சிவப்பு விளக்கைத் தாண்டினால் எனக்கு அபராதம். ஆம்புலன்ஸ் மட்டும் பறக்கிறதே, அதற்குச் சட்டம் கிடையாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உள்ளே படுத்திருப்பவரோடு இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதமா?

சட்டம் அதற்கும் உண்டு. உயிர் காக்கும் அவசரம் இருந்து, சைரனும் சுழல்விளக்கும் இயங்கினால்தான் சிவப்பைத் தாண்டலாம் என்கின்றன 2017-ஆம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகள். அதுவும் மிகுந்த கவனத்தோடு. நோயாளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது அதுவும் உங்கள் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. வழிவிட்ட கையோடு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பறக்கிறார்களே, அவர்கள்மேல்தான் எனக்குத் தீராத கோபம். ஆம்புலன்ஸ் சட்டென்று பிரேக் போட்டால் அடுத்த நோயாளி அவர்களே. தயவுசெய்து விலகி நில்லுங்கள், பின்தொடராதீர்கள்.