கழுதைப்புலி வீட்டில் நோன்பு

(எத்தியோப்பியாவுக்கு வேலைக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை. அங்கே ஒரு சிற்றூர்க் கல்லூரியில் ஆறு வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன்.)

கேள்வி: என் கணவர் சுத்த சைவம். அந்த ஊரில் பட்டினி கிடப்பாரோ?

பதில்: புதனும் வெள்ளியும் ராஜபோகம்தான் அம்மா. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு அன்று நோன்பு. கறி, முட்டையோடு பாலும் நெய்யும்கூடக் கிடையாது. ஈஸ்டருக்கு முன்னால் தொடர்ந்து 55 நாள் அப்படித்தான். நோன்புச் சாப்பாடு என்று கேட்டால், புளித்த பெரிய தோசை போன்ற இன்ஜெராவின் மேல் பருப்பும் கடலைமாவுக் குழம்பும் வரும். அந்த நாளில் உங்கள் கணவர் தயிர் சாதத்தைப் பிரித்தால், ‘இவரெல்லாம் ஒரு சைவமா?’ என்று அவர்கள்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: கழுதைப்புலி ஊருக்குள்ளேயே வருமாமே?

பதில்: வரும். துப்புரவு வேலைக்கு, சம்பளம் வாங்காமல் வரும். ஹரார் நகரின் பழைய மதிலில் அது நுழைய ஓட்டைகளே உண்டு. 1960-களிலிருந்து அங்கே ராத்திரியில் குச்சி நுனியில் இறைச்சியை நீட்டி ஊட்டுகிறார்கள். கெட்ட ஆவிகளையும் சேர்த்து விழுங்கிவிடும் என்று நம்பிக்கை.

சரி, ஊரே 55 நாள் கறியை விட்டால் கசாப்புக் கழிவுக்கு எங்கே போகும்? வடக்கே டிக்ரேயில் அதன் எச்சத்தைக் கிளறிப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான ஆய்வு: நோன்பு நாட்களில் எச்சத்தில் கழுதை முடி கூடிவிடுகிறது. மனிதன் விரதம் இருக்க, கழுதைக்கு வந்தது வினை. தமிழில் கழுதைப்புலி என்று பெயர் வைத்தவர் டிக்ரே போய்வந்தவரோ என்னவோ!

கேள்வி: பூனை வளர்க்கலாமா?

பதில்: எலி பிடித்தால் ஊர் மெச்சும். மடியில் வைத்துக் கொஞ்சினால் ஊர் கூடி வேடிக்கை பார்க்கும்.

கேள்வி: சந்தையில் கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிப் போகிறார்களே, என்ன மனிதர்கள்?

பதில்: நம் ஊர் சைக்கிள் ஹேண்டில்பாரில் கோழி உட்கார்ந்துகொண்டா போனது?

கேள்வி: கழுதையைப் போட்டு அடிக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

பதில்: எனக்கும்தான் சகிக்கவில்லை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் சுமந்த கழுதையின் முதுகில் கயிறு அறுத்த புண், உள்ளங்கை அகலம். நாலு மஞ்சள் கேன் வேறு. ஓட்டிவந்த பையனைப் பிடித்துக் கத்தினேன். மறுநாள் கயிற்றுக்கு அடியில் பழைய சாக்கை மடித்து வைத்திருந்தான். அடி குறைந்ததா என்றால், இல்லை.

உலகிலேயே கழுதை அதிகமுள்ள நாடு அது. ஆனால் அங்கே பிஷோஃப்டு நகரில் கழுதை அறுக்க ஒரு கூடம் திறந்தபோது ஜனங்கள் கொதித்துப்போனார்கள். 2017-ல் இழுத்து மூட வேண்டியதாயிற்று. தோலுக்காகக் கழுதை அறுப்பதற்கு 2024-ல் ஆப்பிரிக்க ஒன்றியமே தடை போட்டது. அடிக்கலாம், அறுக்கக் கூடாது! பசுவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு சினிமா போஸ்டர் தின்ன விடுகிறோமே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.

கேள்வி: தெருநாய்க்கு நான் பிஸ்கட் போட்டால் பக்கத்து வீட்டார் கல்லெறிகிறார்கள். இரக்கமே இல்லையா?

பதில்: பயம் இருக்கிறது. வெறிநாய்க்கடியால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் சாகிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்குமேல் நம் இந்தியாவில். எத்தியோப்பிய மலைகளில் மட்டுமே வாழும் ஓநாய் மொத்தமே 500 தேறுமா என்பது சந்தேகம். ஊர்நாய்களிடமிருந்து தொற்றிய வெறிநோய் அதையும் கூட்டம் கூட்டமாகச் சாய்த்திருக்கிறது.

கல்லும் மருந்தாகாது, பிஸ்கட்டும் மருந்தாகாது. என் வாசலில் படுத்த நாய்க்குத் தடுப்பூசி போடவைத்து, கழுத்தில் சிவப்பு நாடா கட்டினேன். அந்த நாடாவுக்குப் பிறகு எதிர்வீட்டுப் பாட்டி காய்ந்த இன்ஜெராவை அதற்குப் போட ஆரம்பித்தார்.

விமானம் ஏறுமுன் நீங்களும் முன்தடுப்பு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள். முன்பே ஊசி போட்டிருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும்.