பழுவேட்டரையர் காவலும் பச்சை ஒயரும்

அடேய் பேராண்டி, ஒம் மாமனாரைப் பத்தி எனக்குக் கவலையில்லை. கை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு ஒயரை விட்டு, அடைப்பை நீக்கி, ஸ்டென்ட்டும் வச்சாச்சு. உள்ள அவருக்கு டாக்டரு இருக்காரு, சிஸ்டரு இருக்கு, கீங் கீங்னு கத்துற மெஷினு இருக்கு. வெளிய இரும்பு நாற்காலியில குந்திக்கிட்டு இருக்கியே, ஒன்னைப் பாத்துக்கத்தான் ஆளில்லை.

ராத்திரி மூணு மணிக்கு எனக்குப் போன் போட்டு, "அப்பாயி, ட்ரோபோனின் கூடியிருக்காம்"னு சொல்ற. அது ஆணா பொண்ணான்னே எனக்குத் தெரியாது. ஒனக்கும் முந்தாநாள் வரைக்கும் தெரியாது. ஒரு நெஞ்சு டாக்டரு உருவாக எம்பிபிஎஸ் அஞ்சரை வருசம், எம்டி மூணு, டிஎம் மூணுன்னு பதினொன்றரை வருசம் ஆகுது. நீ ஒரே ராத்திரியில, அதுவும் 12 சதவீதம் சார்ஜ் இருந்த போனுல படிச்சு முடிச்சிட்ட. பெரிய படிப்பாளிதான் போ! இதுல அரைமணிக்கு ஒருதரம் கதவைத் தட்டி அந்த சிஸ்டரு புள்ளைக்கிட்ட சந்தேகம் வேற கேக்குறியாம். அது மருந்து ஏத்துமா, ஒனக்குப் பாடம் நடத்துமா?

ஓட வேண்டிய நேரத்துல நீ ஓடத்தான் செஞ்ச, அதை இல்லைன்னு சொல்லலை. வலின்னதும் சோடா வாங்கிக் குடுக்காம 108க்கு அடிச்ச. பழைய சீட்டு, மாத்திரை அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாத்தையும் ஒரே பையில போட்டுக்கிட்டுப் போன. நம்ம தமிழ்நாட்டுக்கு அந்த வண்டி வந்தது 2008ல. அதுக்கு முந்தி இந்த ஊருல நெஞ்சைப் புடிச்சவனுக்கு டிராக்டரு பொட்டிதான் ஆம்புலன்ஸு, பாதிப் பேரு பாதி வழியில பழைய ஆளாயிடுவான். சரி, கொண்டுபோய்ச் சேத்த, கையெழுத்துப் போட்ட, பணம் கட்டுன. அதோட ஒன் வேலை முடிஞ்சு போச்சுடா. வேலை முடிஞ்சும் எந்திரிச்சுப் போக முடியாமக் கெடக்கிறதுதான் இப்ப ஒனக்கு வந்துருக்கிற சீக்கு. இதுக்கு அந்த ஆஸ்பத்திரியில மருந்து கெடையாது, என்கிட்ட இருக்கு.

பெரியகடை வீதிக்குப் போ. பச்சையில ரெண்டு கட்டு, வெள்ளையில ஒரு கட்டு, கூடை பின்னுற ஒயரு வாங்கிக்க. கத்திரிக்கோலு எல்லாம் தேடாத, நகவெட்டியே போதும்.

சிரிக்கிறியா? சிரி, சிரி. ஒம் பொண்டாட்டி போன தீவாளிக்கு வந்தப்ப, சீமையில ஸ்வெட்டர் பின்னுறவங்க 3,500 பேருக்கு மேல விசாரிச்சு 2013ல என்னமோ எழுதியிருக்காங்கன்னு படிச்சுக் காட்டுனா. அடிக்கடி பின்னுறவங்க, பின்னுனா மனசு அடங்குதுன்னு சொல்லியிருக்காங்களாம். நான் அதுக்கே மயங்கிடலை. பின்னுறவங்கிட்டயே போயி பின்னுறது நல்லதான்னு கேட்டா, மோர் விக்கிறவகிட்ட மோர் புளிக்குமான்னு கேட்ட கதைதான்.

அதுக்கடுத்து அவ சொன்னதைத்தான் நான் முடிஞ்சு வச்சுக்கிட்டேன். ஆக்ஸ்போர்டு ஆஸ்பத்திரியில ரோட்டுல அடிபட்டு வந்த 71 பேரைப் புடிச்சு, அடிபட்ட 6 மணி நேரத்துக்குள்ள அதுல பாதிப் பேருக்கு டெட்ரிஸ்னு கட்டை அடுக்குற விளையாட்டைக் குடுத்துருக்காங்க. அடுத்த ஒரு வாரத்துல, வண்டி மோதுன காட்சி கண்ணுக்குள்ள வந்து வந்து நிக்கிறது, விளையாடாதவங்களை விட விளையாடுனவங்களுக்கு 62 சதவீதம் கம்மியாம். 2017ல வந்த சேதி. அது அடிபட்டவங்களுக்குப் பாத்தது, வாசல்ல காத்துக் கெடக்கிறவங்களுக்கு இல்லை. ஆனாலும் கண்ணுக்கும் கைக்கும் ஒருசேர வேலை குடுத்துட்டா, மனசுக்குள்ள படம் ஓட்ட எடம் பத்தாதுங்கறது எனக்குப் புதுசில்லைடா. கூடை பின்னுற எல்லாப் பொம்பளைக்கும் தெரிஞ்ச சங்கதி அது. எழுதி வைக்கத்தான் ஆக்ஸ்போர்டு வேண்டியிருக்கு.

ஸ்வெட்டர் பின்னலாமேன்னு அவ கேட்டா. ஊட்டியில சரி. திருச்சி வெயில்ல கம்பளி நூலை மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்தா, ஒன்னையும் உள்ள ஒரு கட்டில்ல படுக்கப் போட்டுருவாங்க. நமக்கு ஒயருதான் தோது.

ஒயரை ஒரே அளவா நறுக்கிக்க. ஒவ்வொண்ணையும் நடுவுல மடிச்சு, ஓட்டு ஒயருல மாட்டி முடிச்சுப் போடு. முதல்ல அடி. அடி முடிஞ்சு மூலை திரும்புறப்போதான் சூதானமா இருக்கணும், அங்க ஒரு முடிச்சு வுட்டுப்போனா கூடை ஒரு பக்கமா இழுத்துக்கும். எண்ணிக்கிட்டே போகணும். எண்ணிக்கிட்டே கவலைப்பட முடியுமான்னு வேணா முயற்சி பண்ணிப் பாரு. எண்ணிக்கை போயிடும், பிரிக்கணும், பிரிச்ச எடத்துலருந்து திரும்ப எண்ணணும், அதுக்குள்ள டாக்டரு ரவுண்ட்ஸே வந்துருவாரு. சாதா முடிச்சு பழகுனப்புறம் சிவன் கண்ணுக்குப் போ. எடுத்ததுமே நெல்லிக்காய் முடிச்சுல கைய வைக்காத, அது கெட்டிக்காரிக்கே தண்ணி காட்டும்.

ஒந் தாத்தா வாதம் வந்து தஞ்சாவூரு மெடிக்கல்ல கெடந்தப்போ, பேராவூரணிப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி என் பக்கத்துல பாயை விரிச்சிருந்தா. புருசனுக்கு மண்டையில அடி. ஒருத்தரு மூஞ்சியும் பாக்க மாட்டா, சுவத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. என் ஒயருல நாலு முழம் நறுக்கிக் கையில குடுத்தேன். அவ முடிச்சுப் போட்டதை இப்ப நெனச்சாலும் எனக்குத் திக்குங்குது. இழுத்த இழுப்புல பச்சை ஒயரு நெளிஞ்ச எடமெல்லாம் வெளுத்துப்போச்சு. ஆள்காட்டி விரலு கன்னிப்போச்சு, அப்பவும் நிறுத்தலை. மூணாவது வரிசையில முடிச்சு கொஞ்சம் எளகுச்சு. "ஆத்தா, இது சரியா வருதா?"ன்னு கேட்டா. ரெண்டு நாளா அவ வாயிலருந்து வந்த முதப் பேச்சு அதுதான். கூடையை முடிச்சு எடுத்துக்கிட்டுப் போனா. இப்பவும் அந்தக் கூடை இருந்துச்சுன்னா அடியைத் தொட்டுப் பாரு, அந்த ரெண்டு வரிசை மட்டும் கல்லா இறுகிக் கெடக்கும்.

ஆம்பளை கூடை பின்னலாமான்னு ஒனக்கு ஒரு வெக்கம் வரும். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கரையில போய்ப் பாருடா, மீசை நரைச்சவனெல்லாம் மணல்ல காலை நீட்டிக்கிட்டு வலைக்கு முடிச்சுப் போடுறான். அவன் மீசை ஒண்ணும் உதுந்துடலை.

கை வலிச்சா பொஸ்தகத்தை எடு. எனக்கே 1991ல அறிவொளி இயக்கம் வந்தப்புறந்தான் எழுத்து. ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல அ, ஆ எழுதுனோம், பகல்ல சைக்கிள் பழகுனோம். புதுக்கோட்டைப் பொம்பளைங்க சைக்கிள்ல போறதைப் பாத்துச் சிரிச்சவன்ல ஒந் தாத்தாவும் ஒருத்தரு. அதே தாத்தாவைத் தஞ்சாவூருல வச்சுக்கிட்டு, நான் பொன்னியின் செல்வனைச் சத்தம் போட்டுப் படிச்சேன், வராண்டாவே கேட்டுச்சு. 1950லருந்து 1954 வரைக்கும் வாராவாரம் வந்த கதை. வாரம் பூரா ஆளைக் காக்க வைக்கணும்னே கல்கி ஒவ்வொரு அத்தியாயத்தையும் கொக்கி போட்டு நிறுத்தியிருப்பாரு. ஐசியு வாசலுக்கு அதைவிடத் தோதான சரக்கு ஏது?

கதையும் நம்ம கதைதான். அதே தஞ்சாவூருல சுந்தர சோழரு கால் வெளங்காமப் படுத்துருக்காரு. சின்னப் பழுவேட்டரையரு வாசல்ல நின்னுக்கிட்டு ஒருத்தரையும் கிட்ட விட மாட்டேங்கிறாரு. வந்தியத்தேவன் பனை முத்திரை மோதிரத்தைக் காட்டி உள்ள பூந்துடுறான். உள்ள போக ஒனக்கு ஆஸ்பத்திரி குடுக்குற பச்சைச் சீட்டு, அவனுக்கு மோதிரம், அவ்வளவுதான் வித்தியாசம். வைத்தியரு மகன் கோடிக்கரைக்கு மூலிகை தேடிப் போற எடம் வந்தப்போ, பக்கத்துல குந்தியிருந்த ஒரு அண்ணன், "எங்களையும் இந்த மருந்து வெளிய வாங்கிட்டு வாங்கன்னுதானே சொல்றாங்க"ன்னாரு. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள காவக்காரரு வந்து அதட்டுனாரு. நாங்க எல்லாரும் அவரை ஏற எறங்கப் பாத்தோம். அன்னையிலருந்து அவருக்குப் பேரு சின்னப் பழுவேட்டரையரு.

ஒண்ணு கேட்டுக்க. ஏற்கனவே படிச்ச பொஸ்தகமாப் பாத்து எடு. ஆதித்த கரிகாலன் சாவான்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்த வாசல்ல ஒக்காந்துருக்கிறவனுக்கு முடிவு தெரிஞ்ச கதையாவது ஒண்ணு கையில இருக்கணும். கந்த சஷ்டி கவசம் சொல்றவங்க சொல்லட்டும், முருகன் கோவிச்சுக்க மாட்டான். நோய் பத்தி எழுதுன பொஸ்தகம் மட்டும் வேண்டாம். படிக்கப் படிக்க அதுல இருக்கிற சீக்கெல்லாம் ஒனக்கும் இருக்கும்.

இதையெல்லாம் பாத்துட்டு ஒம் பொண்டாட்டியோட அத்தைமாருங்க பேசாம இருக்க மாட்டாளுக. "உள்ள மனுசன் உசுருக்குப் போராடுறாரு, மருமவன் கூடை பின்னுறாரு"ம்பாங்க. அழுதா அடைப்புக் கரையும்னா சொல்லுங்கத்தை, நானும் ஒரு பாட்டம் அழுவுறேன்னு சொல்லு. பாக்க வர்றவங்கள்ல ஒரு சித்தப்பா இருப்பாரு. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குடுத்துட்டு, "இப்படித்தான் எங்க கொழுந்தியா மாமனாரு நல்லாப் பேசிக்கிட்டே இருந்தாரு..."ன்னு ஆரம்பிப்பாரு. அவரை முடிக்க விடாத. ஒயருக் கட்டை அவரு கையில குடுத்து, "சித்தப்பா, இதை ஆறு ஆறு முழமா அளந்து போடுங்க"ன்னு சொல்லு. முழம் போடுற மனுசன் சாவுக் கதை சொல்ல முடியாது. நாலாவது முழத்துலேயே கணக்கு வுட்டுப்போயி முழிப்பாரு. நான் செஞ்சு பாத்த வைத்தியம்டா இது.

கூடையோ கதையோ, கதவு தொறந்து பேரு சொல்லிக் கூப்புட்டா பாதி முடிச்சுலேயே போட்டுட்டு எந்திரிச்சு ஓடணும். டாக்டரு சொல்றதை ஒரு தாள்ல எழுதிக்க, ஒம் மச்சினனுக்கு அதைப் படிச்சுச் சொல்லு. ஒன் சொந்தச் சரக்கை அதுல சேக்காத.

போனை இப்ப வையி. ஒம் மாமியாருக்குச் சக்கரை இருக்கு, காலையிலருந்து பச்சைத்தண்ணி பல்லுல படலையாம். மொதல்ல அவங்களுக்கு ரெண்டு இட்டிலி வாங்கிக் குடு. ஒயரு வாங்க அப்பறமாப் போகலாம்.