களைக்காமல் அப்பாவாக இருப்பது எப்படி
தீவகத்துத் தகப்பன்மாருக்குச் சில யோசனைகள்

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையில் அரச உத்தியோகம் பார்க்கும் தகப்பனுக்குப் பிள்ளை பிறந்தால் 3 நாள் லீவு. தாய்க்குச் சம்பளத்தோடு 84 வேலை நாள். அதாவது 28-க்கு 1. விகிதத்தை அரசாங்கமே போட்டுத் தந்துவிட்டதால் நீங்கள் மினக்கெட்டு யோசிக்க ஒன்றுமில்லை. இரவில் அவள் 28 தரம் எழும்பட்டும். அடுத்த தரம் உங்கள் முறை. எழும்பி, "என்னப்பா, பிள்ளை அழுகுது" என்று அறிவித்துவிட்டுப் படுக்கலாம்.

தனியார் கம்பனியில் வேலை என்றால் அந்த 3 நாளுக்கும் சட்டமில்லை, முதலாளியின் மனம்தான். கடற்றொழில் என்றால் காற்று எழும்பி வள்ளம் கரையில் கிடக்கும் நாள்தான் லீவு. அன்றைக்கு வலை பொத்த இருக்கும். நெடுந்தீவுக்காரருக்கு இன்னும் சுகம். மனிசி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் என்றால், குறிகட்டுவான் வரை ஒரு மணித்தியாலப் படகும் அங்கிருந்து பஸ்ஸுமாக அலைவதிலேயே லீவு கரைந்துவிடும். பிள்ளையைத் தூக்கினீர்களா என்று கேட்பவர்களுக்குப் படகு நேரத்தைச் சொல்லுங்கள்.

அடுத்ததாக, உங்கள் அம்மாவை இழுங்கள். "என்ரை அம்மா அஞ்சு பெத்து வளத்தவ, ஒருநாளும் ஏலாது எண்டு சொன்னதில்லை." தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிற வசனம் இது. ஒரு விவரத்தை மட்டும் மறைக்க வேண்டும்: அவ தனிய வளர்க்கவில்லை. 31-ஆம் நாள் துடக்குக் கழியும் வரை அம்மம்மா வந்து நின்றா. பத்தியத்துக்குச் சரக்கு அரைக்கப் பெரியம்மா, ஏணை ஆட்ட மச்சாள், சுறா வறைக்கு மீனோடு வர ஒரு சித்தி. நடக்கத் தொடங்கிய பிள்ளை வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவுக்குப் போய், அங்கேயே சாப்பிட்டு, நித்திரையும் கொண்டு பின்னேரம்தான் திரும்பும். இந்தப் பட்டியலில் ஆம்பிளைகள் அதிகம் இல்லை என்பது உண்மைதான். அவர்கள் இல்லாமலே வீடு ஓடியது, அவ்வளவு கைகள் இருந்தன.

1990களின் தொடக்கத்தில் போரால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுச் சனம் கூட்டமாக இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம், வராதவர்கள் அதிகம். சரக்கு அரைத்த கை இன்றைக்குப் பாரிஸில் இருக்கிறது, ஏணை ஆட்டிய கை கனடாவின் ஸ்காபரோவில் பேரப்பிள்ளையின் தள்ளுவண்டியைத் தள்ளுகிறது. வேலிப் பொட்டுக்கு அங்கால் பற்றை மூடிய வளவும் பூட்டிய வீடும். நாலைந்து பேர் பார்த்த வேலை குறையவில்லை, பார்க்கிறவள்தான் ஒருத்தியாகிவிட்டாள். இது உங்களுக்கு விளங்கினால் நீங்கள் எழும்பி ஏதாவது செய்ய வேண்டி வரும். ஆகவே விளங்காமல் இருப்பது நல்லது.

யாராவது படித்தவர் வந்து விஞ்ஞானம் பேசினால் பயப்படாதீர்கள், விஞ்ஞானம் உங்கள் பக்கமும் இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் இஸபெல் ரொஸ்காமும் மொய்ரா மிக்கொலாய்ச்சாக்கும் இன்னும் பலரோடு சேர்ந்து 42 நாடுகளில் 17,409 பெற்றோரிடம் கேட்டு, 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிள்ளை வளர்த்தே ஓய்ந்துபோகிற பெற்றோர் மேற்கு நாடுகளில்தான் கூட. "பாத்தீரே, இது வெள்ளைக்காரற்றை வருத்தம்" என்று சொல்லிக் கட்டுரையை மூடிவிடுங்கள். மேலே வாசித்தால் ஆபத்து. பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, அவர்களோடு கழிக்கும் நேரம், இவை எல்லாவற்றையும் விட, அவரவர் பாட்டை அவரவரே பார்க்க வேண்டும் என்கிற வாழ்க்கை முறைதான் அதிகம் பாதிக்கிறது என்று அங்கே எழுதியிருக்கிறது. மாமி கனடாவில், புருஷன் கடலில், பக்கத்து வீடு பூட்டு என்று அனலைதீவில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவள் எந்த வெள்ளைக்காரியை விடவும் தனிய இருக்கிறாள்.

அந்த வருத்தத்தின் குறிகளையும் அவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள்: உடம்பும் மனமும் ஓய்ந்துபோதல், முந்தி நான் இப்படி இல்லையே என்கிற எண்ணம், தாயாக இருப்பதே சீயென்று போதல், பிள்ளையிலிருந்து மனம் விலகிப்போதல். கடைசிக் குறி வெளியே தெரியாது. குளிக்க வார்ப்பாள், சோறு தீத்துவாள், தலை இழுத்துவிடுவாள், ஆனால் பிள்ளையில் ஆசை வராது. வேலை எல்லாம் நடக்கிறபடியால் இதை நீங்கள் கவனிக்க வேண்டியதில்லை.

இனி முக்கியமான உத்தி. "என்ன செய்யோணும் எண்டு சொல்லன், செய்யிறன்." இதை அன்பாகச் சொல்ல வேண்டும். உலகத்தில் எந்தப் பெண்ணாலும் இதைக் குற்றமாகக் காட்ட முடியாது. ஆனால் அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டமிஞ்சர் 2019-இல் இந்த இடத்தில் கை வைத்தார். வீட்டு வேலையில் கையால் செய்வதற்கு முன்னும் பின்னும் மண்டைக்குள் நடக்கும் வேலை இருக்கிறது என்றார்: என்ன வரப்போகிறது என்று முன்கூட்டிப் பார்ப்பது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. அவர் பேசிய சோடிகளில் முடிவெடுக்க மட்டும் ஆண்கள் தவறாமல் வந்தார்கள். முன்கூட்டிப் பார்ப்பதும் பிறகு கவனிப்பதும் பெரும்பாலும் பெண்களின் தலையில்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் இதற்கு ஒரு பரிகாரம் உண்டு, மறந்தால் சந்திக் கடைக்கு ஓடலாம். தீவில் ஓடுகிற தூரத்தில் கடல் வந்துவிடும். காய்ச்சல் மருந்து முடிகிறது என்று பின்னேரம்தான் கண்டுபிடித்தால், நாளைய படகுக்குத்தான் பார்க்க வேண்டும். பால்மா, பம்பேர்ஸ், திரிபோஷ எடுக்கும் நாள், நல்ல தண்ணிப் பவுசர் வரும் நாள், தடுப்பூசித் திகதி, பட்டினம் போகிறவரிடம் முதல்நாளே சொல்லிவிட வேண்டிய சாமான்கள், காற்றுக்குப் படகு ஓடுமா ஓடாதா. மறதிக்கு இங்கே ஒரு முழு நாள் விலை. அதனால் அவள் மறப்பதில்லை. நீங்கள் செய்யத் தயாராக இருப்பதோ, அவள் மறக்காமல் இருந்து, சரியான நேரத்தில் வாய் திறந்து சொன்ன பிறகு சாமானைத் தூக்கி வருவது. "நான் எல்லாத்தையும் பாதி பாதியாச் செய்யிறன்" என்று சிநேகிதரிடம் சொல்லும்போது இந்தக் கணக்கைச் சேர்க்க வேண்டாம்.

வெளிநாட்டு அப்பாக்களுக்கு வாட்ஸ்அப் போதும். ஐரோப்பாவில் விடியும்போது இங்கே மதியம். சோறு தீத்தும் நேரம் பார்த்து வீடியோ எடுங்கள். பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிவிடும். "என்ன, பிள்ளை மெலிஞ்சு போச்சு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். குளிருக்குள் இரண்டு வேலை செய்து காசு அனுப்புகிறவரைப் பகிடி பண்ணுவது எனக்கும் முழுச் சம்மதமில்லை. ஆனால் காசு வந்தது தவறாமல் தெரிகிறது, அது தீர்ந்த விதத்தை யாரும் கேட்பதில்லை.

மனிசி உண்மையாகவே முறைப்பட்டால் நயினாதீவுக்குக் கூட்டிப்போங்கள். பிள்ளை வரம் கேட்டு நாகபூஷணி அம்மனிடம் போனபோதும் சோடியாகத்தான் போனீர்கள், அர்ச்சனையில் இருவர் பெயரும் இருந்தது. அதற்குப் பிறகு அம்மனுக்கு உங்களைக் கண்ட ஞாபகம் இல்லாவிட்டால் அது அவளுடைய மறதி.

கடைசி யோசனை துணிந்தவர்களுக்கு மட்டும். காலைப் படகில் அவளை யாழ்ப்பாணம் அனுப்புங்கள், சாமான் பட்டியல் இல்லாமல், சும்மா. பின்னேரப் படகு வரும் வரை போன் எடுக்காதீர்கள். பால்மாப் பேணி அலுமாரியின் மேல்தட்டில். நல்ல தண்ணி மூடிய வாளியில். பிள்ளை பத்து மணிக்கு அழும், அது பசி இல்லை, நித்திரை. கிளினிக் கார்ட் எங்கே என்று நீங்களே தேடுங்கள், எப்படியும் கிடைக்கும். கிடைத்ததும் அடுத்த தடுப்பூசி எப்போது என்று பாருங்கள். அனேகமாக அது நாளைக்கு.